நடுவில் கைதட்டியவன் எழுதுவது

கதிருக்கு,

நாளைக் காலை ஆறு மணிக்குக் கம்பெனி பஸ் வரும். ஒரகடம் ரோட்டு முனையில் நீ புதுச் சட்டையோடு நிற்பாய். உன் அம்மா டிபன் பாக்ஸைப் பையில் வைத்துக் கொடுப்பாள். தெருவே பார்த்து, பையன் ஒரு வழியாக செட்டிலாகிவிட்டான் என்று சொல்லும். அந்த பஸ் வருவதற்குள் இதை நீ படித்தாக வேண்டும். இப்போது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். நீ முடி வெட்டிக்கொள்ளப் போயிருக்கிறாய். மூன்று வருடம் நான் தொண்டை கிழியக் கத்தியும் வெட்டாத முடியை, இன்றைக்கு யாரும் சொல்லாமலே வெட்டிக்கொள்ளக் கிளம்பினாய். எவன் என்னைப் பார்த்தாலும் நான் சந்தோஷப்பட வேண்டியவன் என்றுதான் சொல்வான். நான் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

பக்கத்து அறையில் படுக்கிறவனுக்குக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். நேரில் சொன்னால் நீ பதில் பேசுவாய். மனசு கனத்தால் உன் குரல் தாழ்ந்துவிடும், சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். நீ அப்படித் தாழ்ந்த குரலில் பேசினால் நான் "ஆங், ஆங்" என்று தலையாட்டிவிட்டு எழுந்து போய்விடுவேன். ஏன் என்பது கீழே வருகிறது. பொறுமையாகப் படி. பொறுமை உன் அப்பனிடம் இல்லாத குணம், எங்கிருந்தோ உனக்கு வந்திருக்கிறது. விஷயம் பரணில் பழைய போர்வை சுற்றிக் கிடக்கிற உன் கிட்டாரைப் பற்றியது. நான்கு மாதமாக அது அங்கே கிடக்கிறது. நீயே முடிவு பண்ணி ஏற்றினதாக நினைத்துக்கொண்டிருக்கிறாய். அதை ஏற்றியது நான். அதுவும் ஒரு பொய் சொல்லி.

முதலிலிருந்து சொல்கிறேன். நீ பத்தாவது முடித்த கோடையில் சாலமன்தான் உனக்கு அந்தக் கிட்டாரைத் தேடிப் பிடித்துக் கொடுத்தான். பென்னலூர் சர்ச்சில் டிரம் வாசித்துக்கொண்டிருந்த பையன், உன்னைவிட ஒரு வயசு பெரியவன். அவன் வீட்டுக்குப் பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஓர் அறை. சத்தம் வெளியே போகாமலிருக்கச் சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டினீர்கள். இன்னும் இரண்டு பையன்கள் சேர்ந்தார்கள், பாடுகிறவன் ஒருவன், பேஸ் வாசிக்கிறவன் ஒருவன். குழுவுக்கு 'இருநூறு டன்' என்று பெயர் வைத்தாய். என் பிரஸ்ஸின் பெயர் அது. தகட்டை அச்சின் மேல் வைத்து, மேலிருந்து ஒரே அடியில் கார்க் கதவுக் கீலாக வளைக்கிற மிஷின். நான் ஆபரேட்டராகச் சேர்ந்து, லைன் லீடரானதே அதன் முன்னால் நின்றுதான். என்னைக் கேட்காமல் என் மிஷின் பெயரை வைத்தாய் என்று அன்றைக்கு உன்னைத் திட்டினேன். உள்ளுக்குள் இரண்டு நாள் தரையில் கால் படவில்லை. அதை நான் சொன்னேனா? சொல்லவில்லை. இந்தக் கடிதத்தில் இதேபோல் நிறைய 'சொல்லவில்லை' வரும், எண்ணிக்கொள்.

மண்டை ஓடு போட்ட கறுப்பு பனியன்களை உன் அம்மா உள்பக்கம் வெளியே தெரியத் திருப்பித்தான் கொடியில் போடுவாள். "வெள்ளிக்கிழமையும் அதுவுமா வாசல்ல எலும்புக்கூடு தொங்கினா லட்சுமி எப்புட்றா உள்ள வருவா?" என்பாள். முடி எதற்கு வளர்க்கிறான் என்று கேட்டவர்களிடம் வல்லக்கோட்டை முருகனுக்கு வேண்டுதல் என்று மூன்று வருடம் கூசாமல் பொய் சொன்னாள். முருகனும் பொறுத்துக்கொண்டார். நான்தான் பொறுக்கவில்லை. "இது பாட்டாடா? தகரத்துல நாய் பிராண்டுற மாதிரி கீது" என்று சாலமன் வீட்டு வாசலில் நின்று கத்தினேன், ஞாபகம் இருக்கும். உண்மையைச் சொல்கிறேன், உன் அந்த வேகமான பாட்டுகள் எனக்குப் பிடித்திருந்தன. டிரம்மும் கிட்டாரும் சேர்ந்து அடிக்கும்போது நெஞ்செலும்பில் வந்து மோதும். கம்பெனியில் நான்கு பிரஸ் ஒன்றாக ஓடுகிறபோது வருகிற அதே அதிர்வு. என் பிள்ளை என் வேலையின் சத்தத்தை வேறு ஒரு வழியில் போடுகிறான் என்று தோன்றும்.

பிறகு அந்தக் குடும்ப நாள். வருடத்தில் ஒரு நாள் வீட்டு ஆட்களைக் கம்பெனிக்குள் விடுவார்கள். எல்லாப் பிள்ளைகளும் ஐஸ்கிரீம் கொடுக்கிற இடத்தில் நிற்க, நீ என் லைன் முன்னால் மஞ்சள் கோட்டுக்கு வெளியே இருபது நிமிடம் அசையாமல் நின்றாய். விரல்கள் மட்டும் தொடையில் தட்டிக்கொண்டிருந்தன. சாப்பிடப் போகும்போது சொன்னாய்: "அப்பா, உன் லைன் ஏழுல ஓடுதுப்பா." எனக்குப் புரியவில்லை. "மொத மெஷின் ரெண்டு, அடுத்தது ரெண்டு. மூணாவதுல அந்த அண்ணன் பீஸைத் திருப்பிப் போடறாரு பாரு, அங்க ஒண்ணு எக்ஸ்ட்ரா விழுது. ரெண்டு, ரெண்டு, மூணு. ஏழு." எத்தனையோ வருடமாக அந்த லைனை ஓட்டுகிறவன் நான். ஒரு நாளும் எனக்கு அது ஏழாகத் தெரிந்ததில்லை. அன்றைக்கு ஒரு பதில் சொன்னேன், "போய் ஒழுங்கா படிக்கிற வழியப் பாரு" என்று.

அன்றிலிருந்து உன் பாட்டு மாறியது. வேகம் குறைந்தது, நீளம் கூடியது. நான்கு நிமிடப் பாட்டு எட்டு நிமிடமானது. ஐந்தில் ஒன்று, ஏழில் ஒன்று என்று நோட்டு நோட்டாக எண்களை எழுதினாய். பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து யார் யாரையோ தேடிப் பிடித்து சி.டி.யில் ஏற்றிக்கொண்டு வந்தாய். பாடுகிற பையன் ஒரு நாள் கோபித்துக்கொண்டு போனான். "இது மெட்டலே இல்ல மச்சான், கணக்கு டியூஷன்" என்று தெருவில் வைத்து அவன் சொன்னதைக் கேட்டு, அவன் பக்கம்தான் நான் தலையாட்டினேன். உன் அம்மா சோறு போட்டுக்கொண்டே, "இதுக்கு இன்னாடா பேரு?" என்று கேட்டாள். "ப்ரோக்ரஸிவ் ராக்மா. பாட்டு கெளம்பின எடத்துக்கே திரும்பி வரணும்னு இல்ல. போய்க்கினே இருக்கலாம்." நான் விடுவேனா? "எங்க கம்பெனிலகூட ப்ரோக்ரஸிவ் டை இருக்குதுடா. ஒரு பக்கம் தகட்டை வுட்டா கட்டம் கட்டமா வெட்டி, வளைச்சு, மறுபக்கம் பீஸா வந்து வுழும். உன் பாட்டுல எப்ப பீஸ் வுழும்?" என்று கேலி பண்ணினேன். நீயும் சிரித்தாய். அந்தச் சிரிப்பு இப்போது எனக்கு ரொம்ப வேண்டியிருக்கிறது.

இனிமேல் சொல்வதுதான் கஷ்டம். அந்த வருடங்களில்தான் என் காது போய்க்கொண்டிருந்தது. கம்பெனியில் காதுக்கு அடைப்பான் கொடுத்தார்கள். ஆபரேட்டர்களைப் போடச் சொல்லி நானே விரட்டுவேன், நான் போட்டதில்லை. லீடர் என்றால் மிஷின் முனகினாலே கேட்க வேண்டும், காதை அடைத்துக்கொண்டு எப்படிக் கேட்பது என்கிற ஜம்பம். முதலில் போனது குக்கர் விசில். பிறகு பின்னால் வருகிற சைக்கிள் மணி. பிறகு உன் அம்மா அடுப்படியிலிருந்து கூப்பிடுவது. கனத்த சத்தம் எல்லாம் கேட்கும், பஸ், பிரஸ், உன் பழைய பாட்டு. மெல்லிய சத்தம் மட்டும் ஒவ்வொன்றாகச் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டது. அம்மா முதல் மாதமே கண்டுபிடித்துவிட்டாள். வெளியே சொன்னால் லைனிலிருந்து தூக்கிவிடுவார்கள் என்று அவள் வாயையும் அடைத்து வைத்தேன். நான் எதற்கெடுத்தாலும் கத்திப் பேசுகிறேன் என்று நீ சொல்வாயே, முக்கால்வாசி நேரம் அது கோபம் இல்லை கதிர். எனக்கே என் குரல் கேட்க வேண்டியிருந்தது.

வருடம் ஒரு தரம் காது டெஸ்ட் உண்டு. டெலிபோன் பூத் மாதிரி ஒரு பெட்டிக்குள் உட்கார வைத்து, ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பட்டன் கொடுப்பார்கள். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும். பெட்டிக்குச் சின்னதாக ஒரு கண்ணாடி ஜன்னல். அதற்கு அந்தப் பக்கம் டெஸ்ட் எடுக்கிற ஆள் உட்கார்ந்திருப்பார். அவர் சுவிட்சை அமுக்கும்போது வலது தோள் ஒரு நூல் கீழே இறங்கும். வளைந்த பீஸில் ஒரு நூல் வித்தியாசத்தைக் கண்ணால் பிடிக்கிறவன் நான், தோள் இறங்குவது தெரியாதா? தோள் இறங்கினால் அழுத்துவேன். இரண்டு வருடம் அப்படித்தான் பாஸ் பண்ணினேன். பதினைந்து வயதுப் பையன் மாதிரி காது என்று அந்த ஆள் தட்டிக்கொடுத்தார். கூச்சமே இல்லாமல் வீட்டுக்கு இனிப்பு வாங்கி வந்தேன். எதற்கு என்று நீ கேட்டாய், சும்மா என்றேன்.

உன் காலேஜ் கல்சுரல்ஸ் அன்று ஷிப்ட் முடிந்து யூனிபார்மோடே வந்தேன். நீ கூப்பிடவில்லை, சாலமன் சொல்லித்தான் தெரியும். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தேன். பதினோரு நிமிடப் பாட்டு என்றார்கள். ஆரம்பமே அந்த ஏழு. இரண்டு, இரண்டு, மூன்று. என் லைனை அப்படியே மேடையில் ஏற்றிவிட்டாயே, பாவி! எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பக்கத்திலிருந்த பையனிடம், "என் மவன்" என்று சொன்னேன். உடம்பெல்லாம் அந்த அடி ஏறிக்கொண்டே போய், ஒரு இடத்தில் சட்டென்று நின்றது. சாலமன் குச்சிகளை மடியில் வைத்தான். நீ தலையைக் குனிந்துகொண்டாய், முடி விழுந்து முகத்தையும் கையையும் மறைத்தது. அரங்கம் மூச்சு விடவில்லை. முடிந்துவிட்டது, இந்தப் பசங்களுக்குக் கைதட்டக்கூடத் தெரியவில்லை என்று எனக்கு ஆத்திரம். எழுந்து நின்று, இந்தக் கைகளால், பலம் கொண்ட மட்டும் தட்டினேன். "சூப்பர்டா கதிர்! முடிச்சிட்டான்யா! எறங்கி வாடா!" என்று கத்தினேன்.

மிச்சத்தை நீ அறிவாய். பின் வரிசையில் ஒருவன் சிரித்தான், பிறகு இருபது பேர். விசில். "முடிச்சிட்டான்யா, எறங்கி வாடா" என்று தாளம் போட்டுக் கத்த ஆரம்பித்தார்கள். நீ நிமிர்ந்து என்னைப் பார்த்தாய். அப்போதுதான் உன் விரல் நரம்பின் மேல் இன்னும் ஆடிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். வாசித்துக்கொண்டிருந்தாய்! அந்த நிசப்தம் முழுக்க நீ வாசித்துக்கொண்டிருந்திருக்கிறாய். பிறகு விரல் நின்றது. கிட்டார் ஒயரைப் பிடுங்கிவிட்டு மேடையின் பின்பக்கமாக இறங்கிப் போனாய். ப்ரோக்ரஸிவ் டையில் நடுக் கட்டத்தில் தகட்டைப் பிடித்து இழுத்தால் பீஸும் வராது, தகடும் உதவாது, மொத்தமும் ஸ்கிராப். எந்த ஆபரேட்டராவது அதைச் செய்திருந்தால் தோலை உரித்திருப்பேன். என் பிள்ளைக்கு நானே செய்தேன்.

அன்றைக்காவது சொல்லியிருக்கலாம். பஸ் ஸ்டாப்பில் நீ கேட்டாய். ரோட்டு விளக்கு உன் முகத்தில் விழுந்ததால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டேன். "ஏம்ப்பா அப்படிப் பண்ண?" இரண்டு வார்த்தையில் முடிந்திருக்க வேண்டிய பதில்: எனக்குக் கேட்கலடா. அது வாய் வரை வந்தது. காலேஜ் பையன்கள் சுற்றி நின்றார்கள், நான் யூனிபார்மில் நின்றேன், லைன் லீடர் என்று சட்டைப் பையின் மேல் எழுதியிருந்தது. என்ன சொன்னேன்? "நல்லா பறந்துகினு இருந்த, நடுவுல தூங்கிட்ட. அதுல இன்னா கீதுன்னு ஜனங்க குந்திக்கினு இருப்பாங்க? எனக்குப் பொறுமை போச்சு" என்றேன். காது கேட்காதவன் என்று பேர் வாங்குவதைவிட, பிள்ளையின் பாட்டைத் தூக்கி எறிந்தவன் என்று பேர் வாங்குவது எனக்குக் கௌரவமாக இருந்தது. நீ எதிர்த்துப் பேசுவாய் என்று நினைத்தேன். நீ "சரிப்பா" என்றாய். என் வாழ்க்கையில் நான் பயந்த வார்த்தைகளில் அதுவும் ஒன்று.

மறுநாள் கிட்டார் பரணுக்குப் போனது. படிப்பு முடிந்ததும் நீயாகவே ஒரகடத்துக் கம்பெனிக்கு எழுதிப் போட்டாய். "அப்பா சொன்னது கரெக்ட்தாம்மா. அதுல ஒண்ணும் இல்ல" என்று அம்மாவிடம் நீ சொன்னதை அவள் என்னிடம் வந்து சொன்னாள். சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தாள். நான் பேப்பரை எடுத்து மறைத்துக்கொண்டேன். நீ பாட்டை விட்டதற்குத் தெருவே என்னைப் பாராட்டியது. அந்தப் பாராட்டையும் சும்மா வாங்கிக்கொண்டேன்.

இப்படியே போயிருக்கும். மூன்று வாரத்துக்கு முன்னால் எசக்கிமுத்து என் கண்ணைத் திறந்தான். குடும்ப நாளில் மூன்றாவது மிஷினில் பீஸைத் திருப்பிப் போட்டானே, அந்தத் திருநெல்வேலிப் பையன். அன்று இருநூறு டன்னில் நின்றான். "அண்ணாச்சி, காத்து லீக்காவுத சத்தம் கேக்கு. பிரேக் பக்கமிருந்து வருது" என்றான். மிஷின் அருகில் காதை வைத்தேன். ஒன்றுமில்லை. "ஒண்ணும் இல்லடா, ஓட்டு" என்றேன். "இல்ல அண்ணாச்சி, நல்லாவே கேக்கு. மெயின்டனன்ஸ்காரங்களக் கூப்பிடுவோமே. எனக்குப் பயமாருக்கு." நான் அவனைக் கேட்டேன், பத்துப் பேர் முன்னால்: "என் காதைவிட உன் காது பெருசா?" அவன் மிஷினுக்குப் போனான். இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அழுத்தினால்தான் அது இறங்கும், மற்ற நேரமெல்லாம் பிரேக்தான் அதை மேலே பிடித்து நிறுத்தும். நான்கு பீஸ் ஒழுங்காக வந்தது. ஐந்தாவதை இடுக்கியால் எடுக்கப் போனபோது யாரும் அழுத்தாமல் தானாக இறங்கியது. இடுக்கியின் வாய் அப்பளமாகிவிட்டது. அவன் விரல் அதற்கு ஒரு சாண் தள்ளி இருந்தது. தரையில் உட்கார்ந்து, தன் இரண்டு கைகளையும் விரித்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? ரிப்போர்ட்டில் 'காற்றுக் கசிவுச் சத்தம் கேட்டு மிஷினை நிறுத்தினேன்' என்று என் பெயரில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எசக்கி அதைப் படித்துவிட்டு, "பரவால்ல அண்ணாச்சி, கை இருக்குல்லா" என்றான். அவன் என்னை அடித்திருந்தால் தூங்கியிருப்பேன். நசுங்கிய இடுக்கியைச் சாப்பாட்டுப் பையில் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். பரணில் உன் கிட்டாருக்குப் பக்கத்தில் ஒரு நியூஸ்பேப்பர் பொட்டலம் இருக்கும், அதுதான். அதைப் பிரித்துப் பார். அப்பன் எவ்வளவு தூரம் போயிருக்கிறான் என்று தெரியும்.

போன வியாழக்கிழமை நீ வேலைக்கான மெடிக்கல் முடித்து வந்தாய். கூடத்தில் எனக்கு எதிரில் உட்கார்ந்து அம்மாவிடம் சொன்னாய், நான் உன் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "காது டெஸ்ட் எடுத்தாங்கம்மா. அந்த டாக்டரே ஆச்சரியப்பட்டாரு. இவ்ளோ சின்ன சத்தம்லாம் கேக்குதா, நீ இன்னாப்பா மியூசிக்கானு கேட்டாரு." அம்மா, "நீ இன்னா சொன்ன?" என்றாள். "இல்ல சார்னு சொன்னேன்." சொல்லிவிட்டு மோர் கேட்டாய். அம்மா அடுப்படிக்குப் போகிற சாக்கில் என்னைக் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, முகத்துக்கு நேரே நின்று சொன்னாள்: "இன்னா மனுசன்யா நீ? நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

நேற்று நீ ஷூ வாங்கப் போனபோது சாலமன் வந்தான். உன்னிடம் கொடுக்கச் சொல்லி ஒரு சி.டி. கொடுத்தான். முட்டை அட்டை அறையில் அந்தப் பாட்டை நீங்கள் முழுசாகப் பதிந்து வைத்திருந்தீர்களாம். "அங்கிள், நீங்க தப்பா நெனைச்சுக்காதீங்க" என்று எனக்கே சமாதானம் சொன்னான், "அந்த எடம் இன்னான்னு தெரிஞ்சிருந்தா கைதட்டியிருக்க மாட்டீங்க. மொதல்ல வர்றது உங்க லைனு. அப்புறம் ஷிப்ட் முடிஞ்சு நிக்கிது. எங்கப்பா வூட்டுக்கு வந்து சட்டையக் கழட்டி மாட்டிட்டு, ஒண்ணும் பேசாம உக்காந்துகினு இருப்பாரே, அதாண்டா இந்த எடம்னு சொல்லித்தான் கதிர் வாசிப்பான்."

அவன் போன பிறகு அம்மாவை எதிரில் உட்கார வைத்து சி.டி.யைப் போட்டேன். ஸ்பீக்கரின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டேன். ஏழு வந்தது. கையில் நன்றாக ஏறியது. ஆறு நிமிடம் ஆனதும் நின்றது. சி.டி. பிளேயரில் எண்கள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன. என் உள்ளங்கையில் ஒன்றுமில்லை, காதில் ஒன்றுமில்லை. நிமிர்ந்து உன் அம்மாவைப் பார்த்தேன். அவள் கண்ணை மூடியிருந்தாள். முதலில் புருவம் சுருங்கியது. பிறகு லேசாகச் சிரித்தாள். பிறகு கண்ணோரத்தில் நீர் இறங்கியது, துடைக்கவில்லை. அப்படி மூன்று நிமிடத்துக்கு மேல். உன் பாட்டை அவள் முகத்தில்தான் நான் கேட்டேன், கதிர். பிறகு உள்ளங்கையில் ஏழு திரும்பி வந்தபோது நான் பிள்ளை மாதிரி அழுதேன். அம்மாவிடம், "எப்படிடி இருந்தது அந்த எடம்?" என்று கேட்டேன். யோசித்துவிட்டு, பக்கத்தில் வந்து காதோரம் சத்தமாகச் சொன்னாள்: "நீ நல்லவனா இருக்கற நேரத்துல இருக்கற மாதிரி இருந்துச்சு."

ஆகவே முதல் புத்திமதி, அதைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை என்றாலும்: என் கைதட்டலுக்காக நீ எந்த பஸ்ஸிலும் ஏறாதே. உன் பாட்டில் ஒன்றும் இல்லை என்று நான் சொன்னது பொய். அதைக் கேட்கவே கேட்காதவன் சொன்ன தீர்ப்பு அது. வேலை வேண்டும் என்று உனக்கே தோன்றினால் போ, சந்தோஷமாகப் போ. வேலை பார்த்துக்கொண்டே வாசிக்கிறவன் உலகத்தில் இல்லையா? ஆனால் முதல் நாளே காதுக்கு அடைப்பான் கேட்டு வாங்கிப் போடு. எவனாவது ஜம்பம் பேசினால் என்னைக் காட்டு. லைனில் உனக்குக் கீழே இருக்கிறவன் 'ஏதோ சத்தம் கேக்குது' என்றால் மிஷினை நிறுத்து, கேள்வியைப் பிறகு கேள். நாளைக்கு உனக்குக் கல்யாணம் ஆகி ஒரு பிள்ளை வந்து எதையாவது வாசித்துக் காட்டினால், புரியவில்லை என்றால் புரியவில்லை என்று சொல். பிடிக்கவில்லை என்று மட்டும் மாற்றிச் சொல்லிவிடாதே.

நாளைக்கு எனக்கும் ஒரு வேலை இருக்கிறது. இந்த வருட காது டெஸ்ட் நாளைக்குத்தான், பத்து மணிக்கு. அதற்கு முன்னால் மேனேஜரிடம் போய், அந்த ரிப்போர்ட்டில் இருப்பது பொய், சத்தம் கேட்டவன் எசக்கிமுத்து, கேட்காதவன் நான் என்று சொல்லப் போகிறேன். லீடர் பதவி நிச்சயம் போகும். வேலையும் போகலாம். அதை நினைத்து நீ பொறுப்புப் பிள்ளையாக பஸ் ஏறிவிடாதே. அது என் பாடு, என் வாயால் வந்த வினை. பயமாக இருக்கிறது, மறைக்க மாட்டேன். வாசலில் உன் செருப்புச் சத்தம் கேட்டு இதை மடிக்கலாம் என்று பார்த்தால், நீ வந்தாலும் எனக்குத் தெரியாது. அம்மாவை வாசலில் காவல் வைத்திருக்கிறேன்.

அந்தப் பெட்டிக்குள் ஹெட்போன் மாட்டுவார்கள், கையில் பட்டனைக் கொடுப்பார்கள். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அந்த ஆளின் தோள் இருக்கும். நாளைக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு உட்காரப் போகிறேன்.

அப்பா